பாட்டி கேட்ட உயரம்

ரயில்வே ஸ்டேஷன்ல மஞ்சள் போர்டு இருக்கும்ல, ஊர் பேர் மூணு பாஷைல பெருசா எழுதி, அதுக்குக் கீழ பொடி எழுத்துல கடல் மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு போட்டிருப்பாங்க. சின்ன வயசுல தஞ்சாவூர்லேர்ந்து நாகூருக்கு பாசஞ்சர்ல போகும்போது ஸ்டேஷன் ஸ்டேஷனா அந்த நம்பரைத்தான் படிச்சிட்டே போவேன். கிழக்க போகப் போக நம்பர் குறைஞ்சிட்டே வரும், கடைசில கடல் வந்துரும். அப்போ அது ஒரு விளையாட்டு மாதிரி. இப்போ அந்த போர்டை எங்க பாத்தாலும் எனக்கு ஒரு பாட்டி ஞாபகம்தான் வருது. நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு மீனவ கிராமத்துல, காலேஜ் கடைசி வருஷம் ப்ராஜெக்டுக்குப் போன இடத்துல அவங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க, நான் பதில் சொல்லாம வந்துட்டேன். ரொம்ப நாள் மனசுல கிடந்து உறுத்துச்சு அது. எழுதிடலாம்னு பல தடவை உக்காந்து பாதில விட்டிருக்கேன்.

நான் படிச்சது ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், 2013ல சேந்தேன். கவுன்சிலிங்ல அந்தப் பேரை பாத்ததும் என் கூட வந்த மாமா "கம்ப்யூட்டரா, சிவிலா?"னு கேட்டார், ரெண்டும் இல்ல, சர்வேனு சொன்னதும் அவர் முகம் சுருங்கிடுச்சு. ஆனா எங்கப்பாவுக்கு சந்தோஷம். அப்பா மேஸ்திரி. ரசமட்டம், தூக்குக்குண்டு, தண்ணி டியூப், இந்த மூணும் எங்க வீட்டுத் திண்ணைல எப்பவும் கிடக்கும். "அளக்குற படிப்பு தானே, நல்ல படிப்பு தான்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார். அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதிதான் நம்ம நாட்டோட முதல் வழிகாட்டி சாட்டிலைட் ஐஆர்என்எஸ்எஸ் 1ஏ ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து போச்சு. அதை எங்க பேட்ச்சோட சாட்டிலைட்னு நாங்க சொந்தம் கொண்டாடிக்குவோம்.

படிப்புல முதல்ல ஆடிப்போனது ரெண்டாம் வருஷம் ஒரு லேப்ல. டோப்போ ஷீட்னு சொல்ற பழைய சர்வே மேப் ஒண்ணைக் கொடுத்து அதுல இருக்குற கடலோர இடங்களோட அட்சரேகை தீர்க்கரேகையை எடுத்து சாட்டிலைட் படத்து மேல போடச் சொன்னாங்க. போட்டேன். கரையில இருக்க வேண்டிய ஒரு கோயில் கடலுக்குள்ள போய் நின்னுச்சு. தப்பா டைப் பண்ணிட்டேன்னு நினைச்சு மறுபடி போட்டேன், மறுபடியும் கடலுக்குள்ளதான். பக்கத்து டேபிள்லயும் அதே கதை. சார் வந்து பாத்துட்டு "நம்பர் சரிதான்மா, அந்த நம்பர் எதுலேர்ந்து எடுத்த நம்பர்னு கேட்டியா?"ன்னார். அந்த பழைய ஷீட் எவரெஸ்ட் எலிப்சாய்டுல போட்டது. 1830ல, இந்தியாவுக்கு மட்டும் நல்லா பொருந்துற மாதிரி ஒரு பூமியை கணக்குல செஞ்சு வச்சிருந்தாங்க, அதோட நடுப்புள்ளி நிஜ பூமியோட நடுப்புள்ளில இல்ல, நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கு. ஜிபிஎஸ் பாவிக்கிற டபிள்யூஜிஎஸ் 84 வேற பூமி. ரெண்டு பூமிக்கும் பூமத்திய ரேகை ஆரத்துல மட்டுமே 860 மீட்டர் வித்தியாசம். அதனால ஒரே கோயில், ஒரே தரை, ஆனா நம்பரை மாத்தி மாட்டுனா நூறு மீட்டருக்கு மேல தென்கிழக்கா நகந்துடும், நம்ம கரைல தென்கிழக்குனா கடல் தானே.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வரல. அட்சரேகைனா பூமி மேல பச்சை குத்தின மாதிரி நிரந்தரமா இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன். அது நாம ஒத்துக்கிட்ட ஒரு ஏற்பாடுனு தெரிஞ்சதும் ஒரு மாதிரி காலுக்குக் கீழ தரை வழுக்குன மாதிரி இருந்துச்சு.

மைனஸ் 91

2017 பிப்ரவரி. கடலோர நிலம் எவ்வளவு தாழ்வா இருக்குனு மேப் போடுற ப்ராஜெக்ட், நாங்க நாலு பேர். காலைல ஆறரைக்கே ஒரே இடத்துல நிக்குற பேஸ் ஜிபிஎஸ் ரிசீவரை ட்ரைபாட்ல ஏத்தி சென்டரிங் பண்ணி, பபிளை நடுவுல கொண்டுவந்து நிறுத்திட்டு, நான் இன்னொரு ரிசீவர் மாட்டின ரோவர் போலை எடுத்துக்கிட்டு கிராமத்துக்குள்ள நடந்துட்டிருந்தேன். கருவாடு காயப்போட்டிருந்த இடத்துல ஒரு பாட்டி காக்கா விரட்டிட்டு உக்காந்திருந்தாங்க. என்னமா குச்சி இதுன்னாங்க. சாட்டிலைட் பாத்து இடம் சொல்ற மெஷின் ஆயா, ஒசரமும் சொல்லும்னேன். "அப்டியா, இந்த எடம் கடல்லேர்ந்து எவ்ளோ ஒசரம்னு சொல்லு பாப்பம்"னு எழுந்து பக்கத்துல வந்துட்டாங்க. அவங்களுக்கு கண்ணு நல்லாவே தெரிஞ்சது, நம்பரும் படிக்கத் தெரிஞ்சது. கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல உயரம் மைனஸ் 91 சொச்சம்னு ஓடிட்டிருந்துச்சு.

"கோடு போட்டிருக்கே, அப்டின்னா கீழேயா?"

ஆமா ஆயா, ஆனா அது வேற உயரம், அது வந்து, எலிப்சாய்டுனு ஒண்ணு, அதுலேர்ந்து எடுக்குறது, அப்படினு ஆரம்பிச்சேன். அவங்க என்னைப் பாக்கல, கடலைப் பாத்தாங்க. கூப்பிடு தூரத்துல கடல். "அப்போ நாங்க கடலுக்கு அடியிலதான் இருக்கமா? அதான் அன்னிக்கு அப்டி வந்துச்சா?"ன்னாங்க.

அன்னிக்குனா எதுனு நாகப்பட்டினத்துல யாரும் கேக்க வேண்டியதில்ல. எனக்கு 2004 டிசம்பர்ல எட்டு வயசு, தஞ்சாவூர்ல எங்க தெருவுலேர்ந்தே லாரில துணியும் அரிசியும் ஏத்தி அனுப்புனாங்க. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. அந்தப் பாட்டி வீட்ல யார் போனாங்கனு நான் கேக்கல, கேக்குற தைரியம் வரல. இல்ல ஆயா, அப்படியெல்லாம் இல்ல, நீங்க மேலதான் இருக்கீங்க, இது மெஷின் காட்டுற கணக்குனு மட்டும் சொன்னேன். "மெஷின் தப்பா காட்டுதா?"ன்னாங்க. தப்பு இல்ல ஆயா. "தப்பும் இல்ல, கீழயும் இல்ல, பின்ன என்னம்மா அது"ன்னு கேட்டுட்டு மறுபடி போய் உக்காந்து காக்கா விரட்ட ஆரம்பிச்சிட்டாங்க. பின்னாடி என் ஃப்ரெண்ட் வாக்கி டாக்கில அடுத்த பாயின்ட்டுக்குப் போகச் சொல்லிட்டிருந்தா. நான் போயிட்டேன்.

பரிட்சைல இதுக்கு ஒரு வரி ஃபார்முலா. எலிப்சாய்டு உயரத்துலேர்ந்து, அந்த இடத்துல கடல் மட்டம் எலிப்சாய்டுக்கு எவ்வளவு மேல கீழங்குற ஜியாய்டு ஏற்ற இறக்கத்தைக் கழிச்சா கடல் மட்ட உயரம். மைனஸ் 91லேர்ந்து மைனஸ் 93ஐ கழி, 2 மீட்டர். பத்து செகண்ட் கணக்கு. அந்த ரெண்டு மார்க்கை நான் ஒரு தடவையும் விட்டதில்ல. ஆனா வாழ்க்கைல முதல் தடவையா அந்தக் கணக்கு நிஜமா தேவைப்பட்ட ஒருத்தர் வந்து கேட்டப்போ என் வாயிலேர்ந்து வந்தது "வேற உயரம்"ங்குற ரெண்டு வார்த்தைதான்.

எதுலேர்ந்து

அதுக்கப்புறம் நான் படிச்ச எல்லாத்தையும் அந்தப் பாட்டி பக்கத்துல நின்னு கேக்குற மாதிரி திருப்பிப் படிக்க ஆரம்பிச்சேன். ரிசீவர் என்ன பண்ணுது? சுமார் 20,200 கிலோமீட்டர் மேல சுத்துற ஜிபிஎஸ் சாட்டிலைட் ஒவ்வொண்ணும் "இப்போ மணி இத்தனை, நான் இங்க இருக்கேன்"னு சொல்லிட்டே இருக்கு. அந்த சேதி வந்து சேர எடுத்த நேரத்தை தூரமா மாத்தறோம். மூணு சாட்டிலைட் இருந்தா இடம் கிடைச்சிடணும், ஆனா நம்ம கைல இருக்குற ரிசீவரோட கடிகாரம் மட்டமானது, அதோட தப்பும் ஒரு தெரியாத எண், அதனால நாலாவது வேணும். ஒரு நேனோ செகண்ட் தப்புனா 30 சென்டிமீட்டர் தப்பு. மேல இருக்குற கடிகாரம் ஐன்ஸ்டீன் சொன்ன ரெண்டு காரணத்தால ஒரு நாளைக்கு மொத்தம் 38 மைக்ரோ செகண்ட் வேகமா ஓடுது, அதைக் கண்டுக்காம விட்டா ஒரே நாள்ல 11 கிலோமீட்டருக்கு மேல தப்பு சேந்துடும். அதனால தரையிலேயே அந்தக் கடிகாரத்தை கொஞ்சம் மெதுவா ஓடுற மாதிரி திருப்பி வச்சுதான் மேல அனுப்புறாங்க. எனக்கு இது இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம். நாங்க சர்வே பண்றப்போ இதுக்கும் மேல போய், வர்ற அலையோட கட்டத்தையே, அதாவது ஃபேஸை, அளப்போம், ஜிபிஎஸ் அனுப்புற எல்1 அலையோட நீளம் 19 சென்டிமீட்டர், சாட்டிலைட்டுக்கும் நமக்கும் நடுவுல அந்த மாதிரி முழு அலை எத்தனை இருக்குனு கண்டுபிடிச்சிட்டா மில்லிமீட்டர் கணக்குல போயிடலாம். அந்த முழு எண் பிடிபடுற வரைக்கும் ஸ்க்ரீன்ல ஃப்ளோட்னு இருக்கும், பிடிபட்டதும் ஃபிக்ஸ்னு மாறும், அந்த ஃபிக்ஸ் வர்றப்போ மனசுக்குள்ள ஒரு பூட்டு திறக்குற சத்தம் கேக்கும், ஃபீல்டுல நின்னவங்களுக்குத் தெரியும்.

சரி, சாட்டிலைட் "நான் இங்க இருக்கேன்"னு சொல்லுதே, அதுக்கு யார் சொன்னா? அதுக்கா தெரியாது. தரையில இருக்குற ஸ்டேஷனுங்க அதைப் பாத்து, சுத்துப்பாதையைக் கணக்குப் போட்டு, மேல ஏத்தி விடுது, அதைத்தான் அது நமக்குத் திருப்பிச் சொல்லுது. அப்போ அந்த தரை ஸ்டேஷன் எங்க இருக்குனு யார் சொன்னா? அதுக்கு பூமியோட நிறை மையத்துலேர்ந்து ஆரம்பிச்ச ஒரு சட்டகம் இருக்கு, ஐடிஆர்எஃப்னு சொல்லுவாங்க. நிறை மையத்தை யாரும் போய் தொட முடியாது. 1976ல லேகியோஸ்னு 60 சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு உருண்டையை விட்டாங்க, உடம்பெல்லாம் 426 கண்ணாடி பதிச்சது, உள்ள எந்திரம் ஒண்ணும் கிடையாது. தரையிலேர்ந்து லேசர் அடிச்சா வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்ளோதான் அதோட வேலை. அது எதைச் சுத்துதோ அதுதான் மையம். பூமி எந்தப் பக்கம் திரும்பியிருக்குனு பாக்குறதுக்கு கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அந்தப்பக்கம், நகராத புள்ளி மாதிரி தெரியுற குவாசருங்க. இவ்வளவு தூரம் போய் நிலையா ஒண்ணைப் பிடிச்சிட்டு வந்தா, நம்ம காலுக்குக் கீழ இருக்குற தட்டு நிக்க மாட்டேங்குது. பெங்களூர் ஐஐஎஸ்சி கேம்பஸ்ல ஒரு ஸ்டேஷன் இருக்கு, அது வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் சுமாருக்கு வடகிழக்கா நகருது, அதோட சேந்து தென்னிந்தியாவே நகருது. இருபது வருஷத்துல ஒரு மீட்டர். அதனால தேதி போடாத ஆயத்தொலைவு அரைகுறை. எங்க சார் ரெக்கார்டு நோட்டுல தேதி இல்லாத கோஆர்டினேட்டை பாத்தா சிவப்பு மைல அடிச்சிடுவார், அப்போ கோவமா வரும், இப்போ நானும் என் ஆஃபீஸ்ல ஜூனியர் பசங்களுக்கு அதையேதான் பண்றேன்.

அந்த 2017 ஜனவரிலதான் எங்க பேட்ச் சாட்டிலைட் 1ஏவோட மூணு ருபிடியம் கடிகாரமும் நின்னு போச்சுங்குற செய்தி வந்துச்சு. சாட்டிலைட் உயிரோட இருக்கு, மேல சுத்துது, பேசுது, ஆனா மணி தெரியாது. மணி தெரியாத சாட்டிலைட்டால இடம் சொல்ல முடியாது. அதுக்கு மாத்தா ஆகஸ்ட் 31 அனுப்புன 1எச் வெப்பக்கவசம் கழறாம உள்ளயே மாட்டிக்கிச்சு, அடுத்த வருஷம் ஏப்ரல்ல 1ஐ போய்ச் சேந்துச்சு. 2023 மே 29 அடுத்த தலைமுறை சாட்டிலைட் என்விஎஸ் 01 போனப்போ அதுல நம்ம ஊர்லயே செஞ்ச அணுக் கடிகாரம் இருந்துச்சு, அன்னிக்கு நான் ஆஃபீஸ்ல லைவ் பாத்துட்டு அழுதுட்டேன். ஏழு சாட்டிலைட் இருக்கேனு எண்ணிட்டு இருக்குறவங்களுக்கு இது புரியாது. எண்ணிக்கைய விட கடிகாரம் முக்கியம்.

தண்ணி டியூப்

ஆனா பாட்டியோட கேள்விக்கு இது எதுவும் பதில் இல்ல. அவங்க கேட்டது கடல்லேர்ந்து எவ்ளோனு. அது புரிஞ்சது லீவுக்கு வீட்டுக்கு வந்தப்போதான். அப்பா ஒரு வீட்டுக்கு பேஸ்மட்டம் பாத்துட்டிருந்தார், சாப்பாடு கொண்டு போயிருந்தேன். தண்ணி டியூபோட ஒரு முனையை இந்த மூலைல பிடிச்சு, இன்னொரு முனையை சித்தாள் அந்த மூலைல பிடிச்சு, தண்ணி அடங்குற வரைக்கும் பொறுத்து கரித்துண்டால கோடு. நான் சும்மா, ஏம்ப்பா டேப் வச்சு தரைலேர்ந்து ரெண்டு பக்கமும் மூணு அடினு அளந்து கோடு போட்டுடலாம்லனு கேட்டேன். அப்பா என்னை விநோதமா பாத்தார். "தரை கோணலா இருந்தா கோடும் கோணலா வரும். தண்ணி எங்க ஓடாம நிக்குதோ அதாம்மா மட்டம்."

அதைக் கேட்டதும் கைல இருந்த தூக்குச்சட்டியை அப்படியே வச்சிட்டேன். ஜியாய்டுனா அவ்ளோதான். கடல் காத்தும் அலையும் நீரோட்டமும் இல்லாம அடங்கி நின்னா எப்படி நிக்குமோ, அந்தப் பரப்பை நிலத்துக்கு அடியிலயும் இழுத்துட்டுப் போனா அது ஜியாய்டு. உலகம் பூரா சுத்தி வர்ற தண்ணி டியூப். அது வழவழனு இருக்காது, ஏன்னா பூமிக்குள்ள கனம் ஒரே மாதிரி இல்ல, கனம் ஜாஸ்தியா இருக்குற பக்கம் தண்ணி இழுபட்டு மேடாகும், கம்மியா இருக்குற பக்கம் பள்ளமாகும். எலிப்சாய்டு எழுதுறதுக்கு சுலபமா ரெண்டே எண்ல அடக்கின, துருவத்துல லேசா தட்டையான ஒரு உருண்டை, அதுக்கு தண்ணி எங்க ஓடும்னு தெரியாது. உலகத்துலயே ஜியாய்டு ஆழமா குழிஞ்சிருக்குற இடம் நமக்குப் பக்கத்துல, இலங்கைக்குத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல இருக்கு, அந்த உருண்டைக்கு 106 மீட்டர் கீழ. தமிழ்நாடு பூரா அந்தக் குழியோட சரிவுலதான் உக்காந்திருக்கு, அதான் மெரினாவுல நின்னாலும் நாகப்பட்டினத்துல நின்னாலும் ரிசீவர் மைனஸ் எண்பது, தொண்ணூறுனு காட்டுது. கடலும் நம்மளோட சேந்து அதே குழிக்குள்ளதான் இருக்கு. கப்பல்ல போறவனுக்கு இறக்கம் தெரியாது, தண்ணிக்கே தெரியாது, அதுக்கு அதுதான் மட்டம். இந்தக் குழி ஏன்ங்கிறதுக்கு 2023ல ஐஐஎஸ்சில அத்ரேயி கோஷும் அவங்க மாணவரும் ஒரு விளக்கம் கொடுத்தாங்க. காணாமப் போன டெதிஸ் கடலோட அடித்தட்டு பூமிக்குள்ள முங்கிப் போனதும், ஆப்பிரிக்கா பக்கத்து ஆழத்துலேர்ந்து சூடான கனமில்லாத பாறை எழும்பி இந்தப் பக்கம் பரவுனதும்தான் காரணம்னு கம்ப்யூட்டர்ல கோடிக்கணக்கான வருஷத்தை ஓட்டிப் பாத்துச் சொன்னாங்க.

தூக்குக்குண்டும் இதே கதைதான். அது பூமியோட மையத்தைப் பாத்துத் தொங்குதுனு நினைப்போம், பக்கத்துல பெரிய மலை இருந்தா அந்தப் பக்கம் துளி சாயும். இமயமலைக்குக் கீழ கலியானாவுக்கும் மத்திய இந்தியாவுல கலியான்பூருக்கும் நடுவுல இருக்குற அட்சரேகை வித்தியாசத்துல, தரையில அளந்த சர்வே கணக்கும் நட்சத்திரம் பாத்த கணக்கும் 5.236 விகலை ஒத்து வரல, ஒரு டிகிரில 3600ல ஒரு பங்குதான் ஒரு விகலை. 1855ல பிராட்னு ஒரு பாதிரியார் இமயமலை எவ்வளவு இழுக்கணும்னு கணக்குப் போட்டா அதைப் போல மூணு பங்கு வருது. அப்போ மலைக்கு அடியில கனம் கம்மியா இருக்கணும்ங்குற யோசனை அங்கேர்ந்துதான் கிளம்புச்சு. இந்தியா பூரா முக்கோணம் போட்டு அளந்த அந்த சர்வே ஆரம்பிச்சது நம்ம பரங்கிமலைல, 1802 ஏப்ரல் 10, லாம்டன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சங்கிலி பிடிச்சு ஏழரை மைல் அளந்தார். 1808ல எங்க பெரிய கோயில் விமானத்து மேல கோணம் அளக்குற தியோடலைட்டை ஏத்தும்போது கயிறு அறுந்து மோதி அது நசுங்கிப் போய், அவர் வாரக்கணக்கா உக்காந்து தானே நிமித்தினார். பெரிய கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன், காலேஜ் போன பிறகுதான் இது தெரியும். அது தெரிஞ்ச பிறகு விமானத்தை அண்ணாந்து பாக்கும்போது அந்தக் கயிறுதான் கண்ணுக்குள்ள நிக்கும்.

படிப்புல இதெல்லாம் தனித்தனி யூனிட்டா வரும். மூணாவது செமஸ்டர்ல மட்டம் பாக்குற லெவலிங், ஆறாவதுல பூமி வடிவத்தை அளக்குற ஜியோடெசி, ஏழாவதுல ஜிபிஎஸ் மாதிரி சாட்டிலைட் கூட்டங்களைப் பத்தின ஜிஎன்எஸ்எஸ். ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது. ரிசீவர் வந்த பிறகு லெவலிங் எதுக்குனு க்ளாஸ்லயே கேட்டவங்க உண்டு, நானும் உள்ளுக்குள்ள அப்படித்தான் நினைச்சேன். இப்போ ரொம்ப உறுதியா சொல்லுவேன், சாட்டிலைட் வடிவத்தை அளக்குது, தண்ணி எங்க ஓடும்னு லெவலும் ஈர்ப்பு விசை அளவும்தான் சொல்லும். வெள்ளம் எந்தத் தெருவுக்குள்ள வரும்னு கேக்குறவங்களுக்கு எலிப்சாய்டு உயரத்தை நீட்டுறது கூடாது. நீட்டுறாங்க. வேலைக்கு வந்த பிறகு ஜியாய்டு கழிக்காத உயரமும் கழிச்ச உயரமும் கலந்து கிடந்த ட்ராயிங்கை ரெண்டு தடவை என் கையால திருப்பி அனுப்பியிருக்கேன். ஒண்ணுல வடிகால் மேட்டைப் பாத்து ஓடிட்டிருந்துச்சு.

எந்த ஊர் கடல்

கடைசி செமஸ்டர் முடியுறதுக்கு முன்னாடி, ஏப்ரல்ல, மறுபடி அந்த ஊருக்குப் போனேன். ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு, இது எனக்காகப் போனது. கூட ஒரு ஃப்ரெண்ட், மட்டம் பாக்குற ஆட்டோ லெவல் ஒண்ணு, ஸ்டாஃப்னு சொல்ற அளவுக் கம்பு ரெண்டு. பாட்டி என்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க, கோடு போட்ட பொண்ணுன்னாங்க. மைனஸ்ங்குறதைத்தான் அப்படிச் சொன்னாங்க.

அப்பாவோட தண்ணி டியூப் கதையைச் சொன்னேன். புரிஞ்சது, அவங்க வீடு கட்டும்போது டியூப் பிடிச்சிருக்காங்களாம். மெஷின் காட்டுனது தண்ணி மட்டத்துலேர்ந்து இல்ல ஆயா, கணக்குக்காக வச்சிக்கிட்ட ஒரு உருண்டைலேர்ந்து, அந்த உருண்டைக்கு கடலும் கீழதான், நீங்களும் கீழதான், ஆனா கடலை விட நீங்க மேலன்னேன். தலையாட்டுனாங்க. சராசரி கடல் மட்டத்துலேர்ந்து அளந்து சொல்றேன்னதும்தான் நிமிந்து பாத்தாங்க. "கடலு என்னிக்கும்மா ஒரே மட்டமா இருந்துச்சு? வெள்ளுவாவுக்கு ஒண்ணு, அட்டமிக்கு ஒண்ணு, வாடைக்கு ஒண்ணு, கச்சானுக்கு ஒண்ணு. எந்த ஊரு கடலு, எந்த மாசத்துக் கடலு?"

நாலு வருஷத்துல என்கிட்ட யாரும் இவ்வளவு கூர்மையா ஒரு கேள்வி கேட்டதில்ல. இதுக்கு என்கிட்ட நிஜமாவே பதில் இருந்துச்சு. நம்ம நாட்டு உயரத்துக்கெல்லாம் பூஜ்யம் வச்சது 1909ல, ஒன்பது துறைமுகத்துல வருஷக்கணக்கா அலை ஏறி இறங்குறதைப் பதிஞ்சு சராசரி எடுத்து வச்சாங்க. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், மெட்ராஸ், விசாகப்பட்டினம், ஃபால்ஸ் பாயின்ட். ஒன்பதும் ஒரே மட்டம்னு வச்சுக்கிட்டாங்க, நிஜத்துல அப்படி இல்ல, கரைக்குக் கரை கொஞ்சம் மாறும், அதையும் சொன்னேன். உங்க ஊர் கடலும் அதுல ஒண்ணு ஆயா, காஷ்மீர்ல ஒரு மலை இத்தனை அடினு சொன்னா அதுல நாகப்பட்டினத்துக் கடலும் சேந்திருக்குன்னேன். "எங்க கடலா"னு ஒரு தடவை கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

அவங்களுக்கு வேண்டியது அதுவும் இல்லனு அப்புறம்தான் தெரிஞ்சது. அவங்க இப்போ இருக்குறது உள்ள தள்ளிக் கட்டிக் கொடுத்த சுனாமி குடியிருப்புல. பழைய வீடு கடற்கரை ஓரத்துல கூரை போய் ஒரு சுவர் மட்டும் நிக்குது. அந்தச் சுவர்ல தண்ணி நின்ன கறை இன்னும் இருக்கு. அதை எனக்குக் காட்டி, "இது என் புது வீட்டுக்கு எங்க வரும்?"ன்னாங்க. அவங்க பிப்ரவரிலேர்ந்தே கேட்டுட்டிருந்த கேள்வி அதுதான்.

காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஆச்சு. ஒரு பாலத்துக் கட்டைல இருந்த, கடல் மட்ட உயரம் ஏற்கனவே தெரிஞ்ச பெஞ்ச் மார்க்லேர்ந்து ஆரம்பிச்சு, பழைய சுவர், அங்கேர்ந்து முள்ளுக்காட்டு வழியா ரோடு, ரோட்லேர்ந்து குடியிருப்பு, மறுபடி திரும்பி பெஞ்ச் மார்க். போக வர ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், மூடுறப்போ 6 மில்லிமீட்டர் வித்தியாசம், அனுமதிச்ச அளவுக்குள்ள. சுவர்ல ஸ்டாஃபை பாட்டிதான் பிடிச்சாங்க, வேற யாரையும் பிடிக்க விடல. கறை 3.48 மீட்டர். புது வீட்டு வாசப்படி 2.31.

தண்ணி உள்ள வர வர தாழ்ந்துதான் வரும் ஆயா, கடக்கரைல அந்த ஒசரம்னா இங்கயும் அதே ஒசரம் வரும்னு அர்த்தம் இல்லனு முதல்ல அதைச் சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன். சரி சரின்னாங்க. அப்புறம் வாசப்படில ஏறி நிமிந்து நின்னு, "எங்க, வச்சுக் காட்டு"ன்னாங்க. டேப்பை படில வச்சுத் தூக்கினேன். 1.17. அவங்க நெஞ்சுல வந்து நின்னுச்சு. அந்த இடத்துல உள்ளங்கைய வச்சுக்கிட்டு, உள்ள எட்டிப் பாத்து பேத்தியைக் கூப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு வந்து பக்கத்துல நின்னா, எட்டாவது படிக்கிறா. கைய நெஞ்சுலேர்ந்து எடுக்காம அப்படியே பேத்தி பக்கம் நகத்திட்டுப் போய் வச்சாங்க. அவளுக்கு வயித்துக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. "ம்"னு சொல்லிட்டு, சாப்டுட்டுப் போங்கனு எங்க ரெண்டு பேருக்கும் தட்டு எடுத்து வச்சாங்க.